துண்டுப் பிரசுரமும் தொகுப்போர் கடமையும்

நூல் சேர்ப்பவர்களைப் பற்றி நம்மவர்க்குள் இரண்டுவித அபிப்பிராயங்கள் உண்டு. அவர்கள் பெரிய அறிவாளிகள் என்பது ஒன்று. வேலையற்றவர்கள் என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல என்பதே நமது கருத்து. ஒருவர் எதைச் சேர்க்கிறார், எதை வேண்டாமென்று தள்ளுகிறார், சேர்த்ததை என்ன செய்கிறார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை பெற்ற பிறகே அவரை மதிப்பிட வேண்டும். தடித்த அட்டை போட்ட நூல்களைச் சேர்ப்பவர் இருக்கட்டும். எட்டுப் பக்கமும் பதினாறு பக்கமுமாய், ஓரணா அரையணா விலையில் வெளிவந்து, இன்று தையல் பிரிந்து தாள் பழுத்துக் கிடக்கும் அரசியல் துண்டுப் பிரசுரங்களைச் சேர்ப்பவரே இங்கு நமது விசாரணைக்கு உரியவர்.

துண்டுப் பிரசுரம் அலமாரிக்காகப் பிறந்ததல்ல. தோட்டத்து லயத்தில் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப்பேர் சுற்றியிருந்து கேட்கவும், பிறகு கைமாறி அடுத்த தோட்டத்துக்குப் போகவும் பிறந்தது அது. நன்றாகப் படிக்கப்பட்ட பிரசுரம் கிழிந்து போகும். எவரும் தொடாத பிரசுரமே புதிதாய் நிற்கும். ஆகவே பிரதியின் அழகைக் கொண்டு அதன் மதிப்பை அளப்பவர் முதற்படியிலேயே தவறிவிடுகிறார்.

இத்தகைய சேகரிப்புக்குப் பேர்போன நாடு அயர்லாந்து. 1916 ஏப்ரல் 23 ஞாயிறன்று டப்ளின் நகரின் லிபர்ட்டி மண்டபத்தில், பழைய யந்திரமொன்றில், ஐரிஷ் குடியரசுப் பிரகடனம் அச்சாயிற்று. முழுப் பிரகடனத்துக்கும் போதிய எழுத்துக்கள் இல்லாமையால், மேற்பாதியைக் கோத்து அச்சிட்டு, அவ்வெழுத்துக்களைப் பிரித்தெடுத்துக் கீழ்ப்பாதியைக் கோத்தார்கள். ஆங்கில நெடுங்கணக்கின் ஐந்தாம் எழுத்து பற்றாமற் போகவே, வேறு வார்ப்பிலுள்ள எழுத்தை இடையிடையே நுழைத்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் பிரதிகள் அச்சாயின; இன்று எஞ்சியவை மிகச் சிலவே. உண்மைப் பிரதியைப் போலியினின்று பிரித்தறியும் நிபுணர் அந்தப் பொருந்தா எழுத்துக்களைத்தான் முதலில் தேடுகிறார். அச்சுக்கோப்பவனின் வறுமையே சரித்திரத்தின் முத்திரையாயிற்று! அழகாக மறு அச்சிட்ட பிரதியில் இந்தச் செய்தி அடியோடு மறைந்துவிடும்.

தமிழுக்கு வருவோம். பகத்சிங் 1930-இல் லாகூர்ச் சிறையிலிருந்து எழுதிய 'நான் நாத்திகன் ஏன்?' என்னும் கட்டுரை, அவர் தூக்கிலிடப்பட்ட பின், 1931 செப்டம்பர் 27-இல் லாகூரிலிருந்து வெளிவந்த 'தி பீப்பிள்' பத்திரிகையில் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. அதை ஜீவானந்தம் தமிழாக்கினார். ஈரோட்டிலிருந்து சிறு புத்தகமாக வந்தது. 1935-இல் மொழிபெயர்த்த ஜீவானந்தமும், வெளியிட்ட ஈ.வெ.கிருஷ்ணசாமியும் ராஜத்துவேஷக் குற்றத்துக்காகக் கைதானார்கள். அச்சிட்ட ஒவ்வொரு பிரசுரத்திலும் அச்சிட்டவரின் பெயரும் ஊரும் இருக்க வேண்டுமென்பது இந்தியாவில் அன்று நடப்பிலிருந்த 1867-ஆம் வருஷச் சட்டம். ஆகவே அப்படிப்பட்ட புத்தகத்தின் ஓரத்தில் பொடியெழுத்தில் காணும் அச்சகப் பெயர் வெறும் அலங்காரமன்று. 'என்னைப் பிடிக்க வேண்டுமானால் இன்ன தெருவுக்கு வா' என்று ஒருவர் சர்க்காருக்குக் கொடுத்த விலாசம். பின்னாளில் தொகுதி வெளியிடுவோர் கட்டுரையை மட்டும் எடுத்துக்கொண்டு, விலை, அச்சகம், பதிப்பு எண், பின்னட்டை விளம்பரம் யாவற்றையும் கழித்துவிடுகிறார்கள். கருத்து தப்பியது என்று நாம் மகிழலாம்; ஆனால் அக்கருத்துக்கு யார் ஈடு நின்றார், எந்த விலைக்கு யார் கைக்குச் சென்றது என்ற கணக்கு போய்விட்டதே!

இன்னொரு வேடிக்கையையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். தடை செய்யப்பட்ட இந்தியப் பிரசுரங்கள் ஏராளமாக இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1985-இல் அவற்றுக்கு அட்டவணையும் அச்சாயிற்று. பறிமுதல் செய்த சர்க்காரே பாதுகாத்தது. அவற்றை நேசித்த நாம் தொலைத்தோம். ஆனாலும் அந்தச் சேகரிப்பைக் குறையற்றதென்று கொண்டாடுவதற்கில்லை. சர்க்கார் தான் பயந்ததையே சேர்த்தது. பயப்படத் தேவையில்லாத பிரசுரம், எவ்வளவு மனங்களை மாற்றியிருந்தாலும், அந்தப் பெட்டிக்குள் புகவில்லை.

அப்படியானால் பயமுமின்றிப் பக்தியுமின்றிச் சேர்த்தவர் தமிழரில் உண்டா? உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்து 1992-இல் மறைந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பெரிய பட்டம் பெற்றவரல்லர். சமயம், வைத்தியம், நாடகம், சினிமா, அரசியல் என்ற பேதமின்றி நூலும் பத்திரிகையுமாகச் சுமார் ஓர் இலட்சம் அச்சுப் பொருள்களைச் சேர்த்தார்; நாடக நோட்டீசும் அழைப்பிதழும்கூட அவருக்குக் குப்பையல்ல. அவர் மறைவுக்குப்பின் சிக்காகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்க, இன்று சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் நடைபெறுகிறது. பெல்பாஸ்ட் நகரின் லினன் ஹால் நூலகத்திலும் இதே குணத்தைக் காண்கிறோம். 1968-இல் நூலகர் ஜிம்மி விட்டி என்பவரிடம் மதுக்கடையொன்றில் யாரோ ஒரு குடியுரிமை இயக்கத் துண்டறிக்கையைக் கொடுத்தார். அவர் அதைக் கசக்கி எறியாமல் நூலகத்துக்குக் கொண்டுபோனார். அதிலிருந்து வளர்ந்த அரசியல் சேகரிப்பில் இன்று இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளன. குடியரசுக் கட்சியாருடையதும், பிரிட்டிஷ் முடியை ஆதரித்தவருடையதும், ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்களுடையதுங்கூட, ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. அதுவே அதன் பெருமை.

இவ்வளவும் பிறருக்குச் சொல்லும் நாம் என்ன செய்தோம்? வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறோம். சில வருஷங்களுக்கு முன் குளுவாங் வட்டாரத்தில், பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தில், பழைய லயங்களை இடிக்க உத்தரவாயிற்று. அங்கே ஆயுள் முழுதும் பால்மரம் சீவி மறைந்த பெரியவர் ஒருவரின் தகரப் பெட்டியை அவருடைய பேரன் நம்மிடம் காட்டினார். உள்ளே துணியில் சுற்றிப் பதினைந்து இருபது பிரசுரங்கள். ஜப்பானியர் காலத்தையும், சந்தேகத்துக்குரிய காகிதம் கையிலிருப்பதே ஆபத்தான 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தையும் தாண்டி வந்தவை! சீர்திருத்தப் பிரசுரங்கள் ஏழைப் பொறுக்கினோம். மிச்சம் சைவர் எழுதிய கண்டனங்களும், பக்திப் பாட்டுப் புத்தகங்களும்.

"ஐயா, இதெல்லாம் வேண்டாமா?" என்று கேட்டார் பேரன்.

"வேண்டாம், தம்பி" என்றோம்.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் புரட்டியபோதுதான் பின்னட்டைகளில் பென்சிலால் எண்கள் இட்டிருப்பதைக் கண்டோம். ஒன்று, மூன்று, நான்கு, ஏழு எனச் சென்றன. மூன்றாம் எண்ணிட்டது ஒரு மறுப்பு நூல். எதிரி சொன்னதைப் பக்க எண்ணோடு எடுத்துக்காட்டிப் பதில் சொல்லுகிறது. அந்த எதிரியின் நூல்தான் இரண்டாம் எண்! பெரியவர் ஒரு வாதத்தை வரிசையாகப் படித்து, வரிசையாகவே கட்டி வைத்திருந்தார். மறுவாரம் ஓடினோம்; லயமும் இல்லை, பெட்டியும் இல்லை. பழந்துணியோடு எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். இன்று நம்மிடம் பதில் இருக்கிறது; கேள்வி இல்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்துக் கிராணி மேசையில் உட்கார்ந்திருக்கும் நாம், அந்தத் தொழிலாளி கட்டிக்காத்த வாதத்தை ஐந்து நிமிஷத்தில் அறுத்தோம். இருவரில் யார் தொகுப்பாளர் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

சீர்திருத்தம் பேசுவோரிடமும் இந்தக் குற்றம் உண்டு என்பதே நாம் சொல்ல வந்தது. சர்க்கார் பயந்ததை மட்டும் சேர்த்தது. நாம் விரும்பியதை மட்டும் சேர்த்தோம். இரண்டும் பாதிச் சரித்திரமே. 1929 டிசம்பரில் ஈ.வெ.ராமசாமிப் பெரியார் மலாயாவில் வந்து இறங்கியபோது எதிர்ப்பும் இருந்தது. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியபோது அதை வெறுத்தவரும் இருந்தனர். அவர்கள் சொன்னது என்னவென்று தெரியாமல், சீர்திருத்தக்காரர் எதை வென்றார், எதில் தோற்றார் என்று நம் பிள்ளைகள் எப்படி அறிவார்கள்? எதிர்வாதத்தை எரித்துவிட்டுப் பெறும் வெற்றி பகுத்தறிவின் வெற்றியல்ல.

சேர்த்ததைப் பூட்டி வைப்போரிடமும் ஒரு வார்த்தை. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்துக்குச் சந்தனம் பூசிப் படிக்காமல் விடுவதை நாம் பரிகசிக்கிறோம். கண்ணாடிப் பெட்டியில் பிரசுரத்தை வைத்து, எவரையும் தொடவிடாமல், விலையை மட்டும் சொல்லிப் பெருமை கொள்வது அதற்கு எவ்விதத்தில் மேலானது?

ஜொகூரில் தோட்டங்கள் கைமாறுகின்றன, லயங்கள் இடிகின்றன, தாத்தாக்களின் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. நம்முடைய வேண்டுகோள் சிறிது. அப்படி ஒரு பெட்டி கிடைத்தால் பொறுக்காதீர்கள், முழுவதையும் எடுங்கள். வரிசையைக் கலைக்காதீர்கள். பென்சில் குறியையும் எண்ணெய்க் கறையையும் துடைக்காதீர்கள். எந்தத் தோட்டம், யாருடைய பெட்டி, எந்த நாள் என்று தனித்தாளில் எழுதி வையுங்கள். படம் பிடித்து நாலுபேருக்குப் படிக்கக் கொடுங்கள். பிடிக்காத பிரசுரத்தை இருமடங்கு கவனத்தோடு காப்பாற்றுங்கள்; அதைக் காப்பாற்ற வேறு எவரும் வராமற் போகலாம்.

நமது ஏழு பிரசுரங்களையும் எண் வரிசைப்படியே ஒரு கட்டாக வைத்திருக்கிறோம். இல்லாத எண்களுக்கு வெற்றுத்தாள்கள் செருகியிருக்கிறோம். கட்டைப் பிரிப்பவர் முதலில் அந்த வெற்றுத்தாள்களைப் பார்க்கட்டும்.