பாலு என்னும் கரடி

ருட்யார்டு கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’ 1894ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் வரும் பாலு ஒரு பழுப்புக் கரடி. கொட்டை, கிழங்கு, தேன் மட்டுமே உண்பதால் எங்கும் தடையின்றி உலவுகிறது.

கதை நிகழும் மத்திய இந்தியக் காடுகளில் உண்மையில் வாழ்வது கருநிறத் தேன்கரடி. மேல்தாடையின் நடு வெட்டுப்பற்கள் இரண்டும் அதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியே கறையானை உறிஞ்சித் தின்னும். பாலுவின் உணவில் கறையானைக் காணோம்!

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. இறைச்சி தேடாத விலங்கு தீங்கு செய்யாது என்று கதை நம்பவைக்கிறது. கரடி மனிதனைத் தாக்குவது பெரும்பாலும் பசியால் அன்று; திடீரென எதிர்ப்படும்போது எழும் அச்சத்தால். நீலகிரித் தேயிலைத் தோட்டத்தார் இதை அறிவர். காட்டுக் கரடியே இல்லாத கடலூர், சிதம்பரம் மாணவர்களுக்கோ கதைதான் சான்று.

கதையைச் சுவையுங்கள், கரடியை விலங்கியலில் அறியுங்கள்.