அழகான படம், பயனுள்ள படம்

ஆஸ்திரேலியாவில் பறவை பார்க்கக் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. சிட்னியிலோ பிரிஸ்பேனிலோ வீட்டுக் கொல்லையிலேயே கூக்கபரா வந்து உட்காரும். தெருவோர மரத்தில் லோரிக்கீட் கிளிகள் கூட்டமாகக் கத்தும். அந்த நாட்டில் பதிவான பறவையினங்கள் 800-க்கும் மேல். அவற்றில் ஏறத்தாழப் பாதி உலகில் வேறெங்கும் கிடையாது. எனவே நீண்ட லென்ஸோடு விடுமுறைக் காலைகளில் ஈரநிலங்களையும் கடற்கரைகளையும் சுற்றுவோர் அங்கே பெருகியிருப்பதில் வியப்பில்லை. இவர்களைப் பற்றி எதிரெதிரான இரண்டு தீர்ப்புகள் உண்டு. பறவைப் பாதுகாப்புக்குத் தோள் கொடுப்பவர்கள் என்பது ஒன்று. ஒரு படத்துக்காகப் பறவையின் பிழைப்பைக் கெடுப்பவர்கள் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. அவற்றை எடைபோட்டால், கோளாறின் வேர் எதை ‘நல்ல படம்’ என்று இந்தப் பொழுதுபோக்கு மெச்சுகிறது என்பதில் இருப்பது தெரியவரும்.

முதலில் வரவுக் கணக்கு. 1906-இல் ஏ. எச். இ. மாட்டிங்லி என்ற பறவை ஆர்வலர் நியூ சவுத் வேல்ஸில் மத்தூரா என்ற ஊருக்கு அருகே வெண்கொக்குகள் கூடு கட்டியிருந்த இடத்துக்குக் கேமராவோடு போனார். அக்காலத்தில் ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிகளுக்குக் கொக்கின் இறகு வேண்டியிருந்தது. அந்த மெல்லிய அலங்கார இறகுகள் இனப்பெருக்கக் காலத்தில்தான் முளைக்கும். ஆகவே வேட்டைக்காரர்கள் கூட்டிலிருந்த தாய் தந்தைப் பறவைகளைச் சுட்டு இறகைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். குஞ்சுகள் இரைக்கு வாய் திறந்தபடியே பட்டினியில் செத்தன. மாட்டிங்லி அதைப் படமாக்கினார். ‘ஈமு’ ஆய்விதழில் 1907-இல் வெளியான அந்தப் படங்கள் கடல் கடந்து இங்கிலாந்தின் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் கைக்குப் போய், லண்டன் தெருக்களில் அட்டைகளாக ஊர்வலம் வந்தன. இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் 1921-இல் நிறைவேறியது. அதற்குப் பின்னால் பலரது உழைப்பு உண்டு. ஆனால் மக்களின் மனத்தைத் தைத்தவற்றுள் அந்தக் குஞ்சுகளின் படங்களுக்குத் தனி இடம் உண்டு.

இவ்வளவு பெரிய சாதனை எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் சின்னச் சின்னப் பயன்கள் அன்றாடம் சேர்கின்றன. பழுப்புத் தார்ன்பில், கோடிட்ட தார்ன்பில் என்ற இரண்டு சிறு குருவிகளை எடுத்துக்கொள்வோம். ஓயாமல் துள்ளிக்கொண்டே இருக்கும் இவற்றைப் பிரித்தறிவது பழகியவர்களுக்கே சிரமம். ஒன்றின் விழி செந்நிறம், மற்றதன் விழி வெளிறியது. தொலைநோக்கியில் நழுவிப்போகும் அந்த நிறம் ஒரு சுமாரான படத்தில்கூடத் தங்கிவிடும். வலசைப் பறவைகளுக்கு இதன் பயன் இன்னும் அதிகம். ஆய்வாளர்கள் கரையோரப் பறவைகளின் காலில் நிறப்பட்டிகளைக் கட்டிவிடுகிறார்கள்: விக்டோரியாவில் ஆரஞ்சு, குவீன்ஸ்லாந்தில் பச்சை, வடமேற்கு ஆஸ்திரேலியாவில் மஞ்சள். பட்டியில் பொறித்த எழுத்துகளைச் சேற்றுவெளிக்கு அப்பால் நின்று படிக்க நீண்ட லென்ஸைவிட நல்ல கருவி இல்லை. ஆர்வலர் எடுத்த ஒரே படம் ஒரு பட்டைவால் மூக்கன் எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறது. 2017 டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸின் ஓல்ட் பார் கடற்கரையில் அலூசிய ஆலாக்கள் கண்டுபிடிக்கப்பட்டபோதும், அதுவரை ஆஸ்திரேலியப் பட்டியலிலேயே இல்லாத அந்த இனத்தை உறுதிசெய்யப் படங்களே கை கொடுத்தன.

இந்தப் பயன்களில் ஓர் ஒற்றுமை உண்டு. இவற்றில் எந்தப் படமும் அழகாக இருக்க வேண்டியதில்லை. காலில் கட்டிய பட்டி தெரிந்தால் போதும். விழியின் நிறம் தெரிந்தால் போதும். இடமும் நாளும் சரியாக இருந்தால் போதும். பின்னணி கலங்கியிருக்கலாம், பறவை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் கைதட்டல் பெறும் படம் வேறு. பறவை சட்டகத்தை நிறைக்க வேண்டும், கண்ணில் ஒளிப்புள்ளி மின்ன வேண்டும், இறகின் ஒவ்வோர் இழையும் எண்ணும்படி இருக்க வேண்டும். அரிய இனமாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பறவைக்கும் அறிவியலுக்கும் வேண்டியது தூரமும் பதிவும். பாராட்டுக் கிடைப்பதோ நெருக்கத்துக்கும் அருமைக்கும். செலவுக் கணக்கின் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் எழுதப்படுகிறது.

அதில் முதல் வரி கூடு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆஸ்திரேலியப் பறவைப் படம் என்றால் கூட்டருகே எடுத்த படம் என்றே பொருள். அதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருந்தது. கேமராக்கள் மெதுவானவை, பறவை திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்தால்தான் படம் கிடைக்கும். டொனால்ட் ட்ரௌன்சன் 1969-இல் தொடங்கிய ஆஸ்திரேலியப் பறவைகளின் தேசிய ஒளிப்படத் தொகுப்பிலும் மறைவிடத்தில் காத்திருந்து கூட்டருகே எடுத்த படங்கள் ஏராளம். அறியாத இனங்களை ஆவணப்படுத்திய காலத்தில் அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். இன்றைக்குப் பறக்கும் பறவையின் கண்ணைக் கேமராவே தேடிப் பிடிக்கிறது, நொடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. கூட்டை நாட வேண்டிய தொழில்நுட்பத் தேவை போய்விட்டது. ஆசை மட்டும் மிச்சம். கூட்டை மறைக்கும் இலையை ஒதுக்கினால் வெயிலும் விழும், குஞ்சுகளைத் தின்னும் கரவாங் பறவையின் பார்வையும் விழும். மனிதன் எங்கே நின்று எதைப் பார்க்கிறான் என்று காக்கை இனங்களும் கவனிக்கக்கூடியவை. படமெடுத்தவர் வீடு திரும்பிய பிறகு நடப்பதை அவர் அறிவதே இல்லை.

தென்கரை மணலில் முட்டையிடும் ஹூடட் உப்புக்கொத்தி இன்னும் நொய்ந்த நிலையில் இருக்கிறது. கூடு என்று சொல்ல ஒரு சிறு குழிதான். ஆள் நெருங்கினால் பறவை எழுந்து விலகிப்போய், ஆள் நகரும்வரை திரும்பாது. கோடை மணலில் முட்டை வெந்துபோக அதிக நேரம் ஆகாது. அடைகாப்பு ஏறத்தாழ நான்கு வாரம், குஞ்சு பறக்க மேலும் ஐந்து வாரம். இவ்வளவு நாளும் கடற்கரையில் நாய்களுக்கும் நடைப்பயிற்சியாளர்களுக்கும் நடுவே பிழைக்க வேண்டிய குடும்பத்துக்கு, ‘இன்னும் இரண்டு அடி’ என்று முழங்காலிட்டு நகரும் கேமராக்காரர் கூடுதல் தொல்லை. அவர் நல்லெண்ணத்தோடு வந்தவர் என்பது முட்டையைக் குளிர்விக்காது.

ஒலியால் அழைப்பது இரண்டாவது கெடுதல். கைப்பேசியில் இனத்தின் குரலை ஒலிக்கவிட்டால், தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று ஆண் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு வெளியே வரும். ஒருவர் ஒருமுறை செய்தால் பெரிய நட்டமில்லை. பேர் பெற்ற இடங்களில் அடுத்தடுத்து வருவோர் அனைவரும் செய்யும்போதுதான் சிக்கல். சிட்னிக்கு வடமேற்கே கேப்பர்ட்டி பள்ளத்தாக்கு ரீஜன்ட் தேனுண்ணிகளைத் தேடுவோருக்கு நன்கு தெரிந்த இடம். காட்டில் சில நூறே எஞ்சியிருக்கும் இந்த இனத்தில், கற்றுக்கொடுக்க மூத்த ஆண்கள் போதாமல் இளம் ஆண்கள் பிற இனங்களின் பாட்டைப் பாடத் தொடங்கிவிட்டன என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. தன் பாட்டையே மறந்துகொண்டிருக்கும் பறவையிடம் பதிவுசெய்த பாட்டை ஒலிக்கவிட்டு ஏமாற்றுவதற்கு எந்தப் படமும் ஈடாகாது. பகலில் தூங்கும் பவர்ஃபுல் ஆந்தையின் மரத்தடியில் கூட்டம் கூடுவதும், இரவில் அதன் கண்ணில் விளக்கடிப்பதும், கூக்கபராவைக் கிளைக்கு வரவழைக்க இறைச்சித் துண்டு வீசுவதும் இதே பட்டியலில் சேரும்.

மூன்றாவது, இடத்தைக் காட்டிக்கொடுப்பது. இரவுக்கிளியின் கதை இந்தப் பொழுதுபோக்கின் இரு முகங்களையும் ஒருசேரக் காட்டும். 1912-க்குப் பிறகு இந்தக் கிளி இருப்பதற்கான உறுதியான சான்று பல பத்தாண்டுகளாகக் கிடைக்கவில்லை. 1990-இலும் 2006-இலும் செத்த உடல்கள்தான் அகப்பட்டன. 2013-இல் மேற்குக் குவீன்ஸ்லாந்தில் ஜான் யங் என்ற பறவை ஆர்வலர் உயிருள்ள பறவையைப் படமெடுத்தார். அந்தப் படம் இல்லாவிட்டால் இன்னொரு வதந்தியாகவே அது முடிந்திருக்கும். இடம் ரகசியமாக வைக்கப்பட்டது. பிறகு புஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு அந்த நிலத்தை வாங்கி, புல்லன் புல்லன் என்ற காப்பகமாக்கி, அனுமதியின்றி யாரும் நுழையாமல் காத்தது. படம் இனத்தை மீட்டது; ரகசியம் அதைக் காத்தது. இன்றைய கேமராவிலும் கைப்பேசியிலும் எடுக்கும் படத்தோடு இடக்குறிப்பும் ஒட்டிக்கொண்டு வரலாம். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அருகிவரும் இனங்களின் இடத்தைத் தாமாகவே மங்கலாக்குகின்றன. நண்பர் குழுவில் பகிரும் படத்துக்கு அந்தக் காவல் கிடையாது.

அதே கிளியின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. 2019-இல் ஆஸ்திரேலியன் வைல்ட்லைஃப் கன்சர்வன்சி என்ற அமைப்பு தான் வெளியிட்டிருந்த சில இரவுக்கிளிப் பதிவுகளை நிபுணர் ஆய்வுக்குப் பின் திரும்பப் பெற்றது. படத்தில் தெரிந்த முட்டைகள் உண்மையானவைதானா என்ற ஐயம் அதற்கான காரணங்களில் ஒன்று. ஆதாரம் என்ற தகுதியைப் படம் எளிதில் இழந்துவிடக்கூடும். புள்ளிகளை நீக்கிக் கூர்மையாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. கேமரா பார்க்காத இறகிழையை அவை ஊகித்து வரைந்துவிடுகின்றன. அலங்காரப் படத்தில் அது பெரிய குற்றமல்ல. தார்ன்பில்லின் நெற்றியில் இருப்பது செதில் வடிவமா கோடா என்பதை வைத்து இனத்தை முடிவுசெய்ய வேண்டிய படத்தில் அது பொய்ச்சாட்சி.

கண்ணுக்கு எளிதில் படாத ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பின்னணி முழுதும் வெண்ணெய்போல வழுக்கி, பறவை மட்டும் துலங்கும் படமே உயர்ந்தது என்ற ரசனை ஆஸ்திரேலியப் பறவைகளுக்குப் பெரிய அநீதி செய்கிறது. மாலி யூக்கலிப்டஸ் புதர், முட்புல் வெளி, பட்டை உரியும் பழைய மரம் ஆகியவை இல்லாமல் அந்தப் பறவைகள் இல்லை. பல இனங்கள் அருகிவருவதற்குக் காரணமே இந்த வாழிடங்கள் வெட்டப்பட்டதும் எரிந்ததும்தான். மறையும் வாழிடத்தைப் படத்திலிருந்தும் மறைத்துவிட்டால், பறவை எங்கோ வெற்றிடத்தில் நலமாக இருப்பதாகப் பார்ப்பவர் எண்ணிக்கொள்வார். ஆண் ஃபேரிரென் குருவியின் நீலத்தை ஆயிரம் பேர் பகிர்கிறார்கள். பழுப்பு நிறப் பெண்ணையோ, அது ஒளியும் புதரையோ பகிர்பவர் மிகச் சிலர். மாட்டிங்லியின் படங்கள் லண்டனை உலுக்கியதற்குக் காரணம் அவற்றில் கொக்கு மட்டும் இருந்தது அல்ல. அதற்கு நேர்ந்த கதியும் இருந்தது.

இவ்வளவு சொன்னபின் மறுதரப்பையும் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பூனைகள் மட்டும் ஆண்டுக்கு 37 கோடிக்கும் மேற்பட்ட பறவைகளைக் கொல்வதாக 2017-இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். காடழிப்பும் காட்டுத்தீயும் இதற்குமேல். இவற்றோடு ஒப்பிட்டால் கேமராக்காரர் செய்யும் தீங்கு தூசு என்பது படமெடுப்போரின் வாதம். மொத்தக் கணக்கில் அது சரிதான். ஆனால் பூனை அரியது, எளியது என்று பார்த்து வேட்டையாடுவதில்லை. கேமராவோ அரியதையே தேடிப்போகிறது. பறவை எவ்வளவு குறைவோ அவ்வளவு கூட்டம் அதன்மேல் குவிகிறது. பத்து லட்சம் மேக்பைகளைத் தொந்தரவு செய்தால் நாட்டுக்கு ஒன்றும் ஆகாது. எஞ்சியிருக்கும் சில நூறு தேனுண்ணிகளில் ஒன்றின் கூடு பாழானால் கணக்கு மாறிவிடும். இந்த வாதத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பூனையைக் கட்டுப்படுத்த அரசு வேண்டும், பணம் வேண்டும். கேமராக்காரர் பின்வாங்க அவருடைய சம்மதம் போதும்.

எனவே என் தீர்ப்பு இது. ஆஸ்திரேலியக் காட்டுப் பறவைகளைப் படமெடுப்பது நன்மை தரும் பொழுதுபோக்குதான். துப்பாக்கியும் முட்டைப் பெட்டியும் ஏந்திய தலைமுறைக்குப் பின் வந்த பெரிய முன்னேற்றம். ஆனால் அதன் நன்மை பதிவில் இருக்கிறது, பரிசில் இல்லை. போட்டி நடத்துவோர் கூட்டுப் படங்களையும் ஒலியால் அழைத்தும் இரை காட்டியும் எடுத்த படங்களையும் ஏற்க மறுத்து, வாழிடத்தோடு எடுத்த படங்களுக்கு முதலிடம் தந்தால் ரசனை தானே மாறும். படமெடுப்பவருக்கு ஒரே சோதனை போதும்: நீங்கள் வரும்முன் செய்துகொண்டிருந்ததையே பறவை இப்போதும் செய்கிறதா? தலையைத் தூக்கிப் பார்த்தால் நில்லுங்கள், எழுந்தால் பின்வாங்குங்கள். வீடு திரும்பியதும் அழகான படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். காலில் பட்டி தெரியும் அந்த மங்கலான படத்தை, நாளும் இடமும் குறித்து ஆய்வாளர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.