சாதிப் பெயரில் ஒரு பை

வடக்கே ‘சமார்’ என்றால் வசவு. நம்மூரில் ‘சக்கிலி’ என்று காறித் துப்புறானே, அதே தொனி. அந்தச் சொல்லையே கடைப்பெயராக்கி மும்பையில் ‘சமார் ஸ்டுடியோ’ தொடங்கினார் ஓவியர் சுதீர் ராஜ்பர். 2015இல் மகாராஷ்டிரத்தில் காளை, எருது வெட்டத் தடை வந்து தோல் தொழிலாளிகள் பிழைப்பில் மண் விழுந்தது. பழைய டயர் ரப்பரைத் தோல் மாதிரி தகடாக்கி, அவர்களை வைத்தே பை தைத்தார். பகட்டில்லாத வடிவம். கைவேலை பிழைத்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

2024இல் மியாமி கண்காட்சியில் அவருடைய நாற்காலியில் பாடகி ரிஹானா உட்கார்ந்தார். உட்காரட்டும், சந்தோஷம்தான். ஆனா ரப்பர் அந்தத் தடையோடு மோதவில்லை, சுற்றிக்கொண்டு போகிறது.

2016இல் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டை உரித்த நம் பிள்ளைகளைக் காரில் கட்டி அடித்தார்கள். சுரேந்திரநகரில் நம் சனங்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய்க் கலெக்டர் ஆபீசு வாசலில் போட்டார்கள். இனி நீயே அள்ளிக்கோ என்றார்கள். செத்த மாடு இழுப்பதை விடச்சொல்லி 1927இல் மகாடில் அம்பேத்கர் பேசியதன் தொடர்ச்சி அது. விட்டொழிக்கச் சொன்ன தொழிலின் பெயரைப் பெருமையாய்த் தோளில் மாட்டச் சொல்கிறார் ராஜ்பர். பை எனக்குப் பிடிச்சிருக்கு. மாட்டிக்கொள்ளத்தான் கை வரல.