கூடத்துக்குள் வாத்துக்குஞ்சு: எதுவரை?

திண்டிவனம் – மரக்காணம் சாலையில் இருக்கிறது பிரம்மதேசம். மேற்கே கடலைக்கொல்லைகள், கிழக்கே போனால் கழுவெளிச் சதுப்பும் உப்பளங்களும், நடுவே ஏரித் தண்ணீரை நம்பிய நெல் கழனிகள். இந்த வட்டாரத்துக்கு வாத்து புதிதல்ல. அறுவடை முடிந்த கழனியில் வாத்துக்காரர்கள் நூற்றுக்கணக்கில் மேய விடுவார்கள். சிந்திய நெல்லையும் நத்தையையும் புழுவையும் தின்றுவிட்டு மந்தை அடுத்த ஊருக்கு நகரும். கொல்லையில் நாலைந்து வாத்து வளர்ப்பவர்களும் உண்டு. புதிதாக வந்திருப்பது வேறொன்று. கைப்பேசியில் ஓடும் காணொளிகளைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்க, ஒற்றைக் குஞ்சு ஒன்றை வாங்கி வந்து கூடத்திலேயே செல்லப்பிராணியாக வளர்க்கிறார்கள்.

இதை முழுக்கக் குறை சொல்வதும் சரியல்ல, அப்படியே மெச்சுவதும் சரியல்ல. குஞ்சுகளை முதல் சில வாரங்கள் வீட்டுக்குள் வைப்பது மிக நல்ல வேலை. வளர்ந்த பிறகும் அங்கேயே வைத்திருப்பது பறவைக்குச் செய்யும் தீங்கு. என் கட்சி இதுதான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். வீட்டு வாத்துகளில் பல, முட்டையிடுவதோடு நின்றுவிடும். அடைகாக்கும் பொறுமை அவற்றுக்குக் கிடையாது. அதனால்தான் கிராமங்களில் வாத்து முட்டையை அடைக்கோழிக்கு வைப்பார்கள். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். அந்தக் கூடுதல் ஒரு வாரமும் கோழி எழுந்திருக்காமல் இருந்தால் குஞ்சு வரும். வந்த குஞ்சுக்கு முதல் வாரத்தில் ஏறக்குறைய 32 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். கொல்லையில் இதற்கு உத்தரவாதம் இல்லை. காகம், பருந்து, கீரி, தெருநாய் என்று எல்லாமே அங்கே காத்திருக்கும். தாயில்லாக் குஞ்சு தண்ணீரில் இறங்கி நனைந்தால், விறைத்துச் சாவதற்கு வெகுநேரம் பிடிக்காது. ஒரு அட்டைப்பெட்டி, கீழே கோணி, மேலே ஒரு குண்டு பல்பு என்று வீட்டுக்குள் செய்கிற ஏற்பாடு பல குஞ்சுகளின் உயிரைக் காப்பாற்றுகிறது.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. அது தண்ணீர். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே வாத்துக்குஞ்சு பிழைப்பது அரிது. நீர்ப்பறவைகளுக்குக் கண்ணுக்கு மேல் ஒரு உப்புச் சுரப்பி உண்டு; உடம்பில் சேரும் உப்பை அது மூக்குத் துவாரம் வழியாக வெளியேற்றும். பிறந்த குஞ்சில் அந்தச் சுரப்பி இன்னும் வேலைக்குத் தயாராகியிருக்காது. உப்பளத்தை ஒட்டிய பகுதிகளில் கொல்லைப் பள்ளத்தில் தேங்குகிற தண்ணீரை நம்பிக் குஞ்சை விட முடியாது. வீட்டுக்குள் இருக்கும் குஞ்சோ, குடும்பம் குடிக்கும் நல்ல தண்ணீரையே குடிக்கிறது.

தீனியில்தான் வீட்டு வளர்ப்பு தடுமாறுகிறது. பாசத்தோடு போடுவது பெரும்பாலும் வெள்ளைச் சோறு. வாத்துக்குஞ்சுக்கு நியாசின் என்ற சத்து கோழிக்குஞ்சைவிட அதிகம் தேவை. கிலோ தீனிக்கு 55 மில்லிகிராம் என்று கணக்கு. தீட்டிய அரிசியில் அது மிகக் குறைவு, கோழிக்குஞ்சுத் தீனியிலும் பல சமயம் போதாது. பற்றாக்குறை முதலில் காலில் தெரியும். ஓடிக்கொண்டிருந்த குஞ்சு பத்தடி நடந்து உட்காரும். பிறகு கணுக்கால் மூட்டு வீங்கும், கால் வில்லாக வளையும், கடைசியில் மூட்டையே தரையில் ஊன்றி நகரும். வழவழப்பான டைல்ஸ் தரை இதை இன்னும் மோசமாக்குகிறது. பிடிமானம் கிடைக்காமல் கால்கள் பக்கவாட்டில் விரிந்துபோகின்றன. தரையில் கோணியை விரித்து, தீனியில் ஈஸ்ட் கலந்தால் இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். மீனிலும் இந்தச் சத்து உண்டு. ஆனால் கடற்கரைக்குப் பக்கத்து ஊர் என்பதால் கைக்கு முதலில் அகப்படுவது கருவாடு, அதில் இருக்கும் உப்பே குஞ்சுக்கு வினையாகும். உப்புப் போடாமல் வேகவைத்த நெத்திலியை உதிர்த்துப் போடுவது நல்லது.

கடலைப் புண்ணாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்களைத் தெரியாத கடலை விவசாயி இல்லை. கடலை விளையும் பூமியில் புண்ணாக்குக்கும் பஞ்சமில்லை. ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன, வாத்துக்குஞ்சுகளும் செத்தன. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூத்த பூஞ்சைதான் காரணம் என்று தெரிந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். ஈரலைத் தாக்கும் அந்த நஞ்சுக்கு வாத்துக்குஞ்சு எவ்வளவு சீக்கிரம் பலியாகும் என்றால், தீனியில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கவே பின்னாளில் ஆய்வகங்களில் வாத்துக்குஞ்சுகளைப் பயன்படுத்தினார்கள். மழைக்காலத்தில் சமையலறை மூலையில் ஈரம் பிடித்துக் கிடக்கும் புண்ணாக்கை மாடு தாங்கலாம், குஞ்சு தாங்காது.

சத்துக் குறையைச் சரிசெய்துவிடலாம். தனிமையைத்தான் சரிசெய்வது கடினம். ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1935-ல் எழுதியது இன்று பாடப்புத்தகச் செய்தி: பொரித்த சில மணி நேரங்களில் எதைப் பின்தொடர்கிறதோ அதையே வாத்து, பெருவாத்துக் குஞ்சுகள் தாயாகப் பதித்துக்கொள்ளும். இந்த வகை ஆய்வுகளுக்காக அவருக்கு 1973-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒற்றைக் குஞ்சு நம் காலைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து நாம் உருகுகிறோம். வீட்டார் உப்பளத்துக்கும் பள்ளிக்கும் போனபின் அதே குஞ்சு கத்துகிற கத்தலைக் கேட்க வீட்டில் ஆள் இருப்பதில்லை. இப்படி வளர்ந்த ஆண் வாத்து பருவத்துக்கு வந்ததும் மனிதரையே இணையாக நினைத்துக் காலைக் கொத்தும். அதுவரை கொஞ்சியவர்கள் அன்றைக்கு அதை முரட்டு வாத்து என்பார்கள். மூன்று குஞ்சாக வாங்கியிருந்தால் அவை ஒன்றையொன்று பார்த்து வளர்ந்திருக்கும். இவ்வளவு மலிவாகத் தவிர்க்கக்கூடிய ஒரு துன்பத்தை அறியாமையால் நடக்க விடுகிறோம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சுகாதாரத்திலும் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. வாத்தின் எச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். தின்ற வாயோடு தண்ணீர்க் கிண்ணத்தில் அலகைக் கலக்கிச் சுற்றிலும் சிதறும். சற்று நேரத்தில் கிண்ணமும் கோணியும் சேறாகும். பார்வைக்கு நலமாக இருக்கும் குஞ்சும் எச்சத்தில் சால்மொனெல்லாக் கிருமியை வெளியேற்றலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில், முத்தம் கொடுப்பதும் தட்டருகே விடுவதும் கூடவே கூடாது. பறவைக் காய்ச்சல் விஷயம் இன்னும் நுட்பமானது. கேரளத்தில் ஆலப்புழைப் பக்கம் 2014, 2021, 2024 ஆண்டுகளில் பரவியபோது வாத்துகளைக் கூட்டங்கூட்டமாக அழிக்க வேண்டியிருந்தது. சில வைரஸ் வகைகளை வாத்து நோய்க்குறியே காட்டாமல் சுமக்கும். கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-ல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம். பனிக்காலத்தில் ஊசிவால் வாத்து உட்பட வலசைப் பறவைகள் வந்திறங்குகின்றன. வீட்டுக்குள் இருக்கும் வாத்து அவற்றோடு கலக்காது என்பது உண்மைதான். பகலில் ஏரியில் மேய்ந்துவிட்டு இரவில் படுக்கையறைக்கு வரும் வாத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே நான்காவது வாரத்திலிருந்து பகலில் கொல்லைக்குப் பழக்கி, இறகு முளைத்து முடியும் ஏழெட்டு வாரத்தில் இரவுக்கும் வெளிக்கூண்டுக்கு மாற்றிவிட வேண்டும். வாத்து தலையை முழுக்க நனைத்துத்தான் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும். அதற்கு ஆழமான தொட்டி வேண்டும், குளியலறை வாளி போதாது. கொல்லை இல்லாத மாடி வீட்டுக்காரர்கள் இந்த ஆசையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. நல்ல கவனிப்பில் வாத்து பத்தாண்டு வரை இருக்கும். சலிப்பு வந்ததும் ஏரியில் விட்டுவிடலாம் என்ற எண்ணமும் தவறு. சரியாகப் பறக்கத் தெரியாத வீட்டு வாத்து அங்கே நாய்க்கு இரை. தப்பிப் பிழைத்தால் நம் புள்ளிமூக்கு வாத்தோடு கலந்து அந்த இனத்தைக் கெடுக்கும். அதேபோல் வரப்போரத்தில் கிடைத்தது என்று காட்டு வாத்தின் குஞ்சை எடுத்து வந்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எப்போது வாங்குவது என்பதையும் யோசிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் மழையும் புயலும் வந்தால் மின்சாரம் நிற்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலம் பக்கம் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. பல ஊர்கள் இருட்டில் கிடந்தன. பல்பை நம்பியிருக்கும் குஞ்சு அப்படி ஒரு இரவைத் தாண்டாது. தை பிறந்தபின் வாங்கினால் பங்குனியில் இறகு முளைத்திருக்கும், கொல்லையும் காய்ந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் ஒரு கீற்றுப் பந்தலைப் போட்டு, தொட்டியில் தினம் தண்ணீர் மாற்றினால் மூன்று வாத்துகளும் அங்கேயே இருந்துகொள்ளும்.