ஊராட்சிக்கு மதிப்பெண் போடுவது யார்?

நிதி ஆயோக்கின் 2023-24 நீடித்த வளர்ச்சி இலக்குக் குறியீட்டில் தமிழ்நாடு பெற்றது 78 புள்ளி. பெருமைக்குரிய இடம்தான். ஆனால் எந்த ஊரில் அங்கன்வாடிக்குக் கட்டடம் இல்லை என்பதை அந்தப் புள்ளி சொல்லாது. அதைச் சொல்லத்தான் ஒன்றிய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ஊராட்சி முன்னேற்றக் குறியீட்டைக் கொண்டுவந்தது. நீடித்த வளர்ச்சியின் 17 இலக்குகளை 9 கருப்பொருள்களுக்குள் அடக்கி, முதல் பதிப்பில் 435 குறிகாட்டிகளைக் கொண்டு கிராம ஊராட்சிகளை அளந்தார்கள்.

2022-23-க்கான முதல் பட்டியல் 2025 ஏப்ரலில் வெளிவந்தது. அதில் இடம்பெற்ற 2,16,285 ஊராட்சிகளில் ஒன்றுகூட 90 புள்ளியைத் தொடவில்லை. 1,32,392 ஊராட்சிகள் 40-க்கும் 60-க்கும் இடையில் நிற்கின்றன. சாதனை விளம்பரங்களுக்கே பழகிய நாட்டில் அரசே இதை வெளியிட்டது நல்ல தொடக்கம்.

சிக்கல், தரவு வரும் வழியில் இருக்கிறது. வேலையைச் செய்யவேண்டிய துறைகளும் ஊராட்சியும்தான் அது நடந்ததா என்ற விவரத்தையும் தருகின்றன. இதன் விளைவை முன்பே பார்த்திருக்கிறோம். கிராமப்புற இந்தியாவில் திறந்தவெளி மலம் கழித்தல் ஒழிந்தது என்று 2019 அக்டோபர் 2 அன்று அறிவித்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்போ நாட்டின் 19 சதவீதக் குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்துவதில்லை என்றது. குடிநீரிலும் இதே ஆபத்து உண்டு. ஜல் ஜீவன் திட்டப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வரவேண்டும். குழாய் இணைப்பைக் கணக்கெடுப்பது எளிது. தெருக்கோடி வீட்டுக் குடத்தில் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

இன்னொரு குறை எனக்கு இதைவிடக் கவலை தருகிறது. தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள், அவற்றுக்குள் சுமார் 79 ஆயிரம் குக்கிராமங்கள். ஊராட்சிக்கு ஒரே மதிப்பெண் போட்டால், ஊர்த்தெருவின் வசதி காலனியின் வறட்சியை மூடிவிடும். மாநிலச் சராசரி மீது சொன்ன அதே குற்றச்சாட்டு இங்கும் பொருந்துகிறது.

தரவுகளைக் கிராம சபை சரிபார்க்கவேண்டும் என்பது இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. தீர்மானங்களோடு தீர்மானமாக வாசித்துக் கையெழுத்து வாங்கினால் அது சரிபார்ப்பு ஆகாது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கூட்டத்தையாவது இதற்கென்றே ஒதுக்கலாம். குக்கிராமம் வாரியாகப் பிரித்த எண்களை ஒரு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். மகளிர் சுயஉதவிக் குழுவினர் வீடுவீடாகப் பார்த்து எழுதிய கணக்கும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில், வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) சபையிலேயே பதில் சொல்லட்டும்.