கம்பெனி பஸ் நிற்காத ஊர்கள்
ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் பண்பாட்டுச் சுற்றுலா: ஒரு பார்வை

சிங்கபெருமாள்கோயிலில் கிளம்பி ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் சேரும் மாநில நெடுஞ்சாலையில் ஷிஃப்ட் மாறும் நேரம்தான் திருவிழா நேரம். கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க இளைஞர்களும் பெண்களும் இறங்குவார்கள், ஏறுவார்கள். அதே சாலையின் தென்முனையில் பாடலாத்ரி நரசிம்மரின் பல்லவர் காலக் குடைவரை இருக்கிறது. நடுவில், ஒரகடத்துக்குப் பக்கத்தில், அருணகிரிநாதர் பாடிய வல்லக்கோட்டை முருகன். வடமுனையில் இராமாநுசர் பிறந்த ஊர். முதலீட்டாளர்களிடம் இந்தத் தடத்தின் பெருமையை எடுத்துச் சொல்ல மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் இருக்கிறது. பண்பாட்டுத் தடமாக இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு மட்டும் யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

ஒரு நகரம் தன் கலையையும் தொன்மையையும் சுற்றுலாவையும் வளர்ப்பது எப்படி என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கோயில் நகரங்களை, கடற்கரை நகரங்களை வைத்தே விடை தேடுகிறோம். தொழிற்பேட்டைகள் இணைந்து உருவாகிவரும் ஒரு நகரத்தை வைத்துக் கேட்டால் விடை வேறாகிறது.

மண்ணுக்குள் இருப்பது

1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரி இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கப்புள்ளி. அந்தக் கண்டுபிடிப்புக்குக் களமான செம்மண் நிலம் மேற்கே ஒரகடம் வரை விரிகிறது. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2022இல் அகழ்ந்தபோது கற்கருவிகளும் பழைய பானை ஓடுகளும் மணிகளும் வெளிவந்தன. பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கப் பெருங்கற்காலக் கல்வட்டங்களும் ஈமக்குழிகளும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பல மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி இத்தகைய சின்னங்களிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். சட்டம் இடத்தைக் காக்கிறது, விளக்குவதில்லை. வேலிக்குள் கிடக்கும் கற்கள் பெருங்கற்கால மனிதர்களின் கல்லறை என்று அந்த வழியாகப் பைக்கில் போகிறவருக்குச் சொல்ல எச்சரிக்கைப் பலகையைத் தவிர வேறு எதுவும் இருப்பதில்லை.

வரலாற்றுக் காலத்துக்கு வந்தால் மணிமங்கலம். தாம்பரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையில் இருக்கும் இந்த ஊரின் பெயர் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேட்டில் வருகிறது. முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கியப் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களுள் இது ஒன்று என்கிறது அந்தச் செப்பேடு. வாதாபி வரை போன படையெடுப்பின் முந்தைய அத்தியாயம் நடந்த ஊர் இது. ஊர்க் கோயில்களின் சோழர் கல்வெட்டுகளுக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் தனிப்பகுதியே உண்டு. கல்வி உலகத்துக்கு நன்றாகத் தெரிந்த மணிமங்கலம், பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்குப் பெயர்ப்பலகை மட்டுமே.

கோக்கப்படாத மாலை

இந்தத் தடத்தின் பெரும் செல்வம் வைணவ ஊர்களின் வரிசை. சென்னையிலிருந்து காஞ்சிக்குப் போகும் வழியில் முதலில் பூந்தமல்லி, திருக்கச்சி நம்பிகளின் ஊர். அடுத்து நசரத்பேட்டை, முதலியாண்டான் அவதரித்த இடம். திருமழிசையில் திருமழிசையாழ்வார். ஸ்ரீபெரும்புதூரில் இராமாநுசர். சுங்குவார்சத்திரம் பக்கம் மதுரமங்கலம், எம்பார் பிறந்த ஊர். யாதவப்பிரகாசரிடம் இளம் இராமாநுசர் பாடம் கேட்டதாக மரபு சொல்லும் திருப்புட்குழி. பிறகு கூரத்தாழ்வானின் கூரம். மேலே சொன்ன செப்பேடு கிடைத்த அதே கூரம். இராமாநுசரின் குரு, சீடர், உறவினர், தோழர் என ஒரு தத்துவ மரபின் முழு வட்டமும் ஒரே நெடுஞ்சாலையின் இருபுறத்தில் இருக்கிறது. ஒரு பகல் போதும், எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஆனாலும் பக்தர்கள் தனித்தனியாக வந்து தனித்தனியாகப் போகிறார்கள். ஊர்களை இணைத்துச் சொல்லும் வழித்தடம் உருவாகவில்லை.

இராமாநுசரைச் சமய எல்லைக்கு வெளியிலும் தமிழுலகம் தன்னவராகக் கொண்டாடியிருக்கிறது. இந்திரா பார்த்தசாரதியின் ‘இராமாநுஜர்’ நாடகம் சரஸ்வதி சம்மான் பெற்றது. மு. கருணாநிதி தம் முதுமையில் அவரைப் பற்றித் தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதினார். 2017இல் அவர் பிறந்த ஆயிரமாவது ஆண்டு வந்தபோது மத்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. ஆனால் அவர் பெயரில் சுற்றுலாப் பெருந்தலம் எழுந்தது ஐதராபாத் அருகே முச்சிந்தலில்: 216 அடிச் சமத்துவச் சிலை, 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பிறந்த ஊரில் இருப்பது ஆதிகேசவப் பெருமாள் கோயிலும், இராமாநுசர் வாழ்ந்த காலத்திலேயே அவர் தழுவித் தந்ததாக மரபு போற்றும் ‘தான் உகந்த திருமேனி’யும், சித்திரைத் திருவாதிரை உற்சவமும். ஊருக்கு இன்னொரு சிலை தேவையில்லை. அவர் யார், ஏன் முக்கியம் என்பதை வைணவர் அல்லாத ஒருவருக்கும் தமிழ் தெரியாத ஒருவருக்கும் விளக்கும் ஒரு கூடம் போதும்.

சைவப் பக்கமும் குறைவில்லை. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். அங்குள்ள நாகேசுவரர் கோயில் அவர் கட்டியதாகச் சொல்வார்கள். கோவூர்ச் சுந்தரேசுவரர் மீது தியாகராஜர் பாடிய ஐந்து கிருதிகள் ‘கோவூர்ப் பஞ்சரத்தினம்’. குன்றத்தூர், கோவூர், சோமங்கலம் உள்ளிட்ட ஒன்பது கோயில்களைச் ‘சென்னை நவக்கிரகத் தலங்கள்’ என்று கோத்தபோது கூட்டம் வந்தது, வேன்கள் வந்தன, பூக்கடைகள் வந்தன. கதையோடு சேர்த்துக் கோத்தால் ஊர்கள் தாமே விலாசம் பெறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரவு ஷிஃப்டும் இரவுக் கூத்தும்

காஞ்சிபுரம் வட்டாரத்தின் உயிருள்ள கலை கூத்து. கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவு முழுக்க நாடகம், முடிவில் மண்ணால் செய்த துரியோதனன் கிடக்கும் படுகளம். காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம் 2002இல் தொடங்கிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கல்வியோடு கூத்தும் கற்பித்தது, 2020இல் மூடப்பட்டது. மாதச் சம்பளமும் பிஎஃப்பும் தரும் கம்பெனி வேலை பக்கத்திலேயே இருக்கும்போது, சீசனுக்கு மட்டும் கூலி தரும் கலைக்கு ஒரு பையனை அனுப்ப எந்தத் தாய்க்கும் தயக்கம் வரும். காஞ்சித் தறிகளின் நிலையும் இதுதான். பட்டுப் புடவைக்குப் புவிசார் குறியீடு உண்டு. தறியில் உட்காரும் அடுத்த தலைமுறைக்கு அந்தக் குறியீட்டால் உத்தரவாதம் இல்லை.

ஆனால் இதே தடத்தில் இரவு முழுக்க விழித்திருக்கப் பழகிய பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 படுக்கைகள் கொண்ட மகளிர் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள், கொரிய, ஜப்பானிய மேலாளர்கள் என்று ஒரு புதுச் சமூகம் கூடியிருக்கிறது. வார விடுமுறையில் இவர்களுக்கு இருப்பது செல்போனும் சூப்பர் மார்க்கெட்டும்தான். சுற்றுலாத் துறைகள் எங்கிருந்தோ வரவேண்டிய பயணியை எண்ணிக்கொண்டிருக்க, வந்தே விட்ட பயணி விடுதி அறையில் படுத்திருக்கிறார்.

ஒடிசாத் தொழிலாளரின் எடுத்துக்காட்டு ஒன்றே இதை உணர்த்தும். பூரி ஜகந்நாதர் கோயிலுக்கு எதிரே இருந்த எமார் மடம், இராமாநுசரோடு மரபால் தொடர்புடையது. ஸ்ரீபெரும்புதூரில் வேலை செய்யும் ஒடியாக்காரருக்கு இந்த ஊர் அவர் ஊரோடு பல நூற்றாண்டு உறவுகொண்டது என்று சொல்லிப்பாருங்கள். திருமழிசையிலும் பெருமாளின் பெயர் ஜகந்நாதர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாடகை அறையின் ஊர் கொஞ்சம் சொந்த ஊராகும். இதே மடத்தின் கதையில் எச்சரிக்கையும் உண்டு. பூரிக் கோயிலைச் சுற்றி 2019இல் கட்டடங்களை அகற்றியபோது எமார் மடத்தின் பெரும்பகுதியும் இடிக்கப்பட்டது. பின்னர் அங்கே அமைந்த அகன்ற சுற்றுப்பாதை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. தொன்மையை வளர்க்கிறோம் என்று கிளம்பித் தொன்மையையே பலியிடும் ஆபத்து எங்கும் இருக்கிறது.

யார் கையில் என்ன

கோயில்கள் அறநிலையத் துறையிடம், ஈமச்சின்னங்கள் தொல்லியல் துறையிடம், 1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் எழுந்து 2003இல் அப்துல் கலாம் திறந்துவைத்த நினைவகம் தனியாக, தொழிற்பேட்டைகள் சிப்காட்டிடம், தெருக்கள் உள்ளாட்சியிடம். மாநிலச் சுற்றுலாக் கொள்கை 2023இல் வந்தது. அதில் பாரம்பரியச் சுற்றுலாவுக்கும் இடமுண்டு. 2015இல் தொடங்கி 2019இல் முடிந்த மத்திய அரசின் ‘ஹிருதய்’ பாரம்பரிய நகர வளர்ச்சித் திட்டத்தில் பன்னிரண்டு நகரங்களுள் காஞ்சிபுரமும் ஒன்று. அந்தத் திட்டம் நகர எல்லையோடு நின்றது. காஞ்சியின் பண்பாடு சாலை நெடுகப் பரந்து கிடக்கிறது என்பதை எந்த வரைபடமும் காட்டவில்லை.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் பாரம்பரியம், கலை, பண்பாட்டுப் பாதுகாப்பும் இருக்கிறது. இத்தனை பெரிய ஆலைகள் ஒரே இடத்தில் குவிந்த தடம் தமிழ்நாட்டில் அரிது.

தொழிற்சாலையும் ஒரு நாள் தொன்மையாகும் என்பதையும் இங்கே யாரும் நினைப்பதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் வெளிவந்த சான்ட்ரோ ஒரு தலைமுறையின் முதல் கார். ஸ்ரீபெரும்புதூரின் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014இல் நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கை அதோடு ஏறி இறங்கியது. அந்த எட்டாண்டுக் கதையைச் சொல்ல ஓர் அறைகூட இல்லை. ஜெர்மனியின் எசென் நகரில் 1986இல் மூடப்பட்ட ஸோல்ஃபெராயின் நிலக்கரிச் சுரங்கம் 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது; ரூர் பகுதியின் பழைய ஆலைகளை இணைக்கும் தொழில்பண்பாட்டு வழித்தடம் 1999 முதல் இயங்குகிறது. ஆலை ஓடும்போதே பார்வையாளரை வரவேற்க வோல்ஃப்ஸ்பர்க்கில் ஃபோக்ஸ்வாகன் 2000இல் ‘ஆட்டோஸ்டாட்’டைத் திறந்தது. நம் பக்கத்திலேயே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இருக்கிறது. தென்னாட்டு வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து எழுப்பியது அது. ஒரகடத்தில் அந்தச் சிரமம் இல்லை. இருப்பதை இருக்கும் இடத்திலேயே காட்டலாம்.

எங்கே தொடங்குவது

முதலில் வேண்டியது கட்டடம் இல்லை, பேருந்து. வாரநாளில் ஷிஃப்டுக்கு ஓடும் அதே வண்டி ஞாயிறு காலை விடுதி வாசலிலிருந்து கிளம்பி வடக்குப்பட்டு, மணிமங்கலம், ஸ்ரீபெரும்புதூர், மதுரமங்கலம், கூரம் என ஒரு சுற்று வரட்டும். கூடவே உள்ளூர்ப் படித்த இளைஞர் ஒருவர் கதைசொல்லியாக. பலகைகள் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் கொரிய மொழியிலும் இருக்கட்டும். கோடையில் பாரதம் நடக்கும் ஊர்களின் தேதிகள் விடுதி அறிவிப்புப் பலகைகளில் ஒட்டப்படட்டும். இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வருபவர் கூத்தில் கர்ண மோட்சம் பார்க்க இன்னும் நேரமிருக்கும். இவற்றை ஒருங்கிணைக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் சிப்காட், தொல்லியல், அறநிலையம், சுற்றுலா, உள்ளாட்சி, நிறுவனங்கள் எல்லாம் அமரும் ஒரு குழு போதும்.

வெளிநாட்டுப் பயணி பிறகு வரட்டும். தான் வேலை செய்யும் ஊரைத் தெரிந்துகொண்ட தொழிலாளி தன் பெற்றோரை அழைத்து வருவார். ஊருக்குப் போனால் அங்குள்ளவர்களிடம் சொல்வார். ஏரியைத் தூர்க்கும்போதும் ஈமக்குழியின் மேல் மண் கொட்டும்போதும் ஏன் என்று கேட்கும் குரல்களில் அவர் குரலும் சேரும். அந்தக் குரல் இல்லாத இடத்தில் எந்தச் சுற்றுலாக் கொள்கையும் கண்காட்சிப் பலகையாகவே நின்றுவிடும்.