பீக்கரோடு நிற்கும் ஆய்வு

புதுக்கோட்டைக்கு வடக்கே திருச்சி என்.ஐ.டி.; தெற்கே 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். கெமிக்கல் இன்ஜினியரிங்கில் மேலே படிக்க நினைக்கும் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தூரம் ஒரு தடையல்ல. கேட் தேர்வில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

முதலாண்டுப் பாடங்களில் எனக்குக் குறையில்லை. வெப்பமும் பொருளும் உந்தமும் ஒத்த சமன்பாடுகளால் நகர்வதை எந்த ஆலையும் இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தராது. சிக்கல் ப்ராஜெக்டில் தொடங்குகிறது. விவசாயக் கழிவைக் கரியாக்கி, மெத்திலீன் புளூ கரைத்த நீரில் போட்டுக் குலுக்கி, எவ்வளவு சாயம் ஒட்டியது என்று அளந்து, லாங்மியூர் சமன்பாடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். கடலைத்தோல், தென்னைநார், முந்திரி ஓடு என்று கழிவுதான் மாறும். செலவு குறைவு, சில மாதங்களில் முடியும், கட்டுரையும் வெளியாகும். சோதனையை ஒழுங்காக நடத்தவும் தரவைப் படிக்கவும் மாணவர் பழகுகிறார். அதை மறுப்பது அநியாயம். ஆனால் உப்பும் பல சாயங்களும் கலந்த நிஜக் கழிவுநீரில் அந்தக் கரி என்ன செய்யும், சாயம் ஏறிய கரியை எங்கே கொட்டுவது என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுவதேயில்லை.

முந்திரி ஓட்டையே பாருங்கள். ஆதனக்கோட்டைப் பக்கம் பருப்பு வறுக்கும் இடங்களில் அது கைத்தோலைப் பொசுக்கும் எண்ணெயோடு கிடக்கிறது. எண்ணெயிலுள்ள அனகார்டிக் அமிலம் சூட்டில் கார்பன் டை ஆக்சைடை இழந்து கார்டனால் ஆகும். பிரேக் லைனிங், பெயிண்ட் ரெசின்களுக்கு அது மூலப்பொருள். சிறு கொட்டகையில் அந்த எண்ணெயை எப்படிப் பிரிப்பது, கண்ணெரியும் வறுவல் புகையை எப்படி அடக்குவது? வெப்பப் பரிமாற்றம், பிரித்தெடுத்தல், வினைவேகம் மூன்றும் இந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. இதை விட்டு ஓட்டை வெறும் கரியாக்குவது எனக்குச் சோம்பலாகவே படுகிறது. மாணவரின் சோம்பல் அல்ல. வழிகாட்டியின் பதவி உயர்வைக் கட்டுரை எண்ணிக்கையோடு கட்டிப்போட்ட ஏற்பாட்டின் சோம்பல்.

2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து இம்மாவட்டத்து நெடுவாசல் மக்கள் எழுப்பிய நிலத்தடிநீர்க் கவலையும் இத்துறை சார்ந்ததுதான். 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்களைக் காத்தது. ஆனால் எண்ணெய்க் கிணற்றின் உறை கசிந்தால் என்னவாகும், எண்ணெயோடு மேலேறும் உப்புநீரை எப்படிச் சுத்திகரிப்பது என்று கணக்கிட்டுச் சொல்வது சட்டத்தின் வேலையல்ல.

ஒரு சிறு திருத்தமே போதும்: ப்ராஜெக்டின் முதல் மதிப்பாய்விலேயே உள்ளே போன பொருள், வெளியே வந்த பொருள், ஒரு கிலோவுக்கான செலவு, மிஞ்சிய கழிவின் போக்கிடம் ஆகியவற்றை ஒரே தாளில் கேட்கலாம். பீக்கர் சோதனை அதன்பின் நடக்கட்டும்.